இன்னொருக்கா பண்ணுங்க

பல்வலியைக்கூட அவர் முதல் தடவை நம்பமாட்டார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "சுரீர்னு இருந்துச்சுங்க" என்றார். எல்லோரும் டாக்டரிடம் போகச் சொன்னோம். அவரோ தண்ணீர் பாட்டிலை எடுத்தார். குன்னூரின் நவம்பர் மாதத் தண்ணீர், கையில் பட்டாலே விறைக்கும். அதே பல்லில் படும்படி தலையைச் சாய்த்து ஒரு மிடறு குடித்தார். மறுபடியும் சுரீர். கண்ணில் நீர் வழிய, முகத்தில் அப்படியொரு நிறைவோடு, "உறுதிங்க. இப்பப் போலாம்" என்று லீவு கேட்கக் கிளம்பினார்.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இதைப் படித்துவிட்டு இன்னொருக்கா எழுதச் சொல்வார்.

மேட்டுப்பாளையம் இறங்கும் மலைப்பாதையில், குன்னூரைத் தாண்டிச் சற்றுக் கீழே, பழைய எஸ்டேட் பங்களா ஒன்றில் எங்கள் ஆபீஸ் இருக்கிறது. ஜப்பானில் வீடியோ கேம் தயாரிக்கிற ஒரு கம்பெனியின் வெளிநாட்டுக் கிளை. ஜப்பான் கம்பெனிக்குக் குன்னூரில் என்ன வேலை என்று ஆட்டோக்காரரிலிருந்து பாதிரியார் வரை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அந்தக் கம்பெனியின் பெரியவர் ஒருவர் ஊட்டிக்குச் சுற்றுலா வந்தவர், பனிமூட்டத்தைப் பார்த்ததும் தன் சொந்த ஊர் ஞாபகம் வந்து அழுதுவிட்டாராம். அழுகையோடு அழுகையாக வாடகையையும் விசாரித்திருக்கிறார். இதுதான் எங்கள் ஆபீஸின் தலபுராணம்.

அங்கே தயாராகிற விளையாட்டுகளை, கடைக்கு வருவதற்கு முன் எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் நாள் முழுக்க விளையாடிக் குறை கண்டுபிடிக்க வேண்டும். இதை ஓவேலியில் எஸ்டேட் வேலை பார்க்கும் என் அம்மாவிடம் சொன்னபோது, "வெளாடறதுக்குச் சம்பளமா? யாருகிட்டயும் சொல்லாதடி, நிப்பாட்டிருவாங்க" என்றார். சொல்லிவிட்டு அன்று மாலைக்குள் தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்க அவரே சொல்லி முடித்தார். ஓவேலியைப் பொறுத்தவரை நான் ஜப்பானில் இருந்தேன்.

குறை கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அது எப்படி நடந்தது, அதற்கு முன் என்னென்ன செய்தோம் என்று ஒவ்வொரு படியாக எழுதி அனுப்ப வேண்டும். ஜப்பானில் இருப்பவர் அதையெல்லாம் அப்படியே செய்து பார்ப்பார். அங்கேயும் நடந்தால்தான் அது குறை. நடக்காவிட்டால் நம் கண்ணில் கோளாறு என்று முடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு இது ஆபீஸ் சட்டம். மாலையில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது மேசையிலேயே விட்டுவிட்டுப் போவோம். இவர் அதை வீட்டுக்கும் எடுத்துப்போனார்.

"ஒருக்கா நடந்தது நடக்கலீங்க." அவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம் இது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று அதையும் இரண்டு முறை சொல்வார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எதிரில் வந்து நின்றார். நாற்பதை ஒட்டிய வயது. காதை மூடிய கம்பளிக் குல்லா, சட்டைப் பையில் டார்ச் லைட். பெயரைக் கேட்டார், சொன்னேன். "இன்னொருக்கா சொல்லுங்க" என்றார். குல்லா காதை மறைக்கிறது போல என்று நினைத்து உரக்கச் சொன்னேன். "கேட்டுதுங்க அம்மிணி. மாறுதான்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் பெயர் மாறாததில் அவருக்குத் திருப்தி. எனக்குத்தான் அன்று முழுக்கச் சந்தேகமாக இருந்தது.

ஆபீஸில் அவருக்குப் பிடித்த இடம் மேற்கு ஜன்னல். ரோடு எங்கள் வாசலைத் தொட்டுப்போய், ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பி, மறுபடியும் எங்களுக்கு நேர் கீழே வரும். வாசலில் போன பஸ்ஸை, கொஞ்ச நேரம் கழித்துக் கீழ் ரோட்டில் இன்னொரு முறை பார்க்கலாம். டீ குடிக்கும்போதெல்லாம் அங்கேதான் நிற்பார். "நம்ம நீலகிரில ரோடு போட்டவன் வெவரமானவனுங்க. எதையும் ரெண்டு தடவ காட்டறான்" என்பார்.

எங்கள் மேனேஜர் மேடம் அருவங்காட்டுக்காரர். வெடிமருந்து ஃபேக்டரி குவார்ட்டர்ஸில், சங்கு ஊதினால் எழுந்து சங்கு ஊதினால் சாப்பிட்டு வளர்ந்தவர். எதுவும் அதனதன் நேரத்தில் ஒரே தடவையில் முடிந்தாக வேண்டும் அவருக்கு. இப்படி ஒருவரையும் அப்படி ஒருவரையும் ஒரே பங்களாவில் அடைத்தது ஜப்பான்காரர்கள் செய்த வேலை.

ஒரு நாள் தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து காட்டெருமை ஒன்று எங்கள் வாசலுக்கு வந்தது. குன்னூரில் அது ஒன்றும் சேதி இல்லை. நாம் ஒதுங்கி நின்றால் அது தன் வழியில் போய்விடும். ஆனால் அன்று அது மேடத்தின் ஸ்கூட்டரில் கழுத்தை ஒரு உரசு உரசியது. ஸ்கூட்டர் சாய்ந்தது. மேடம் ஜன்னலில் நின்று அலறினார். காட்டெருமை செடிகளுக்குள் நகர்ந்ததும் இவர் இறங்கிப் போனார். ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்தினார், அதே இடத்தில், அதே சாய்வில். உருண்டுபோன ஹெல்மெட்டைத் தேடி எடுத்து, முன்பு தொங்கிய அதே பக்கக் கண்ணாடியில் மாட்டினார். மேடம் நெகிழ்ந்துபோய் மேலிருந்தே நன்றி சொன்னார். இவர் மேலே வந்து, ஜன்னலோரம் நின்று, கையைக் கட்டிக்கொண்டார். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது.

காட்டெருமை திரும்பி வந்தது. உரசியது. ஸ்கூட்டர் மறுபடியும் விழுந்தது.

"உறுதிங்க மேடம்" என்றார். "ஹெல்மெட்டு ஆடறது அதுக்குப் புடிக்கல. ஹெல்மெட்ட எடுத்துட்டு ஒருக்கா நிறுத்திப் பாத்துரலாங்களா?"

மேடம் அன்று மாலை வரை அவரிடம் பேசவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஹெல்மெட் மேடத்தோடு மேலே வந்துவிடும்.

இந்த மனிதருக்கு எப்படிக் கல்யாணம் நடந்திருக்கும் என்று நாங்கள் யோசித்ததுண்டு. ஆயுத பூஜையன்று, கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலர்களை எல்லாம் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி சுண்டல் தூக்கோடு ஆபீஸுக்கு வந்தார். அவரிடமே கேட்டுவிட்டோம்.

"பொண்ணு பாக்க வந்தப்ப காப்பி கொண்டுபோய்க் குடுத்தேன். குடிச்சுட்டு இன்னொண்ணு கேட்டாரு. எங்கூட்டுல எல்லாம், மாப்பிள்ளைக்குக் காப்பி புடிச்சுப்போச்சுன்னு ஒரே சந்தோஷம். ரெண்டாவதையும் குடிச்சுட்டு, 'ரெண்டும் ஒரே ருசிங்க'ன்னாரு. அப்பறம் தனியாப் பேசறப்ப, என்னைப் புடிச்சிருக்கான்னு கேட்டாரு. புடிச்சிருக்குன்னேன். இன்னொருக்கா சொல்லுங்கன்னாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. புடிக்கலைன்னு சொல்லியிருந்தா அதையும் ரெண்டு தடவ கேப்பீங்களான்னேன்."

"என்ன சொன்னாருங்க்கா?"

"கொஞ்ச நேரம் யோசிச்சாரு. 'ஆமாங்க, கேக்கோணும்'னாரு. பொய் சொல்லத் தெரியாத ஆளுன்னு கட்டிக்கிட்டேன்."

இவர் பக்கத்தில் நின்று சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்கிற கூச்சமே இல்லை. தாலிக்கு மூன்று முடிச்சு என்று வைத்தவர்களைப் பற்றி மட்டும் உயர்வாக இரண்டு வார்த்தை சொன்னார்.

அந்த ஆயுத பூஜைக்குப் பிறகுதான் முள்ளங்கி வந்தது. கால் முளைத்த ஒரு முள்ளங்கி, காற்றில் பறந்துபோன தன் தலை இலையைத் தேடி ஊர் ஊராக நடக்கிற விளையாட்டு. வழியில் தோட்டம் போடும், குளத்தில் குளிக்கும், நத்தையிடம் கடன் சொல்லிச் சாப்பிடும். குழந்தைகளுக்கானது. டிசம்பரில் கடைக்கு வரவேண்டும். எங்கள் எல்லோருக்கும் கழுத்துவரை வேலை. எனக்குக் கூடுதலாக ஒரு பயம். நான் அப்போது ப்ரொபேஷனில் இருந்தேன். நான் அனுப்பிய ரிப்போர்ட்டுகளில் இரண்டு ஏற்கெனவே ஜப்பானில் நடக்கவில்லை என்று திரும்பி வந்திருந்தன.

ஒரு மாலை, முள்ளங்கியைக் குளத்தில் குளிப்பாட்டிவிட்டு ஆட்டத்தைச் சேமித்தேன். திரை ஒரு கணம் இருண்டு மறுபடி வெளிச்சமானபோது என் முள்ளங்கி இல்லை. தோட்டம், குளம், நத்தைக் கடன் எதுவுமே இல்லை. வாரக்கணக்கில் வளர்த்தது அத்தனையும் துடைத்து வைத்தாற்போல் போய்விட்டது. வீடியோ கேமில் இதைவிடப் பெரிய குறை கிடையாது. ஒரு குழந்தைக்கு இது நடந்தால் வீடே இரண்டாகும். நான் உடனே ரிப்போர்ட் எழுதினேன்.

எங்கள் ரிப்போர்ட்டுகளைத் தலைமையகத்தில் பார்ப்பவர் ஒரு பெண்மணி. தங்கமான மனுஷி. இல்லை என்று சொல்வதற்கு முன்னால் நான்கு வரி மன்னிப்புக் கேட்பார். இம்முறை ஆறு வரி கேட்டிருந்தார். அதிலேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. ஏழாவது வரியில், அங்கே அது நடக்கவில்லை என்று இருந்தது.

மேடம் என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. கஷ்டப்பட்டுத்தான் சொன்னார். "மூணாவது தடவம்மா. இல்லாததை எழுதறேன்னு பேரு வந்துட்டா வேலைய உறுதி பண்ணச் சொல்லி நான் அவங்ககிட்ட எப்படிக் கேக்கறது? வெள்ளிக்கிழமைக்குள்ள அதை நடத்திக் காட்டு. இல்லைன்னா எனக்கு வேற வழியில்ல."

பாத்ரூமில் போய் அழுதேன். வேலை போவதைவிட ஓவேலிக்குத் திரும்பிப் போவதுதான் பெரிய அவமானமாகத் தெரிந்தது. லைன் வீடுகளில் யாராவது, "என்ன புள்ள, ஜப்பான்லேருந்து எப்ப வந்த?" என்று கேட்பார்கள். அம்மா என்ன பதில் சொல்வார்?

வெளியே வந்தால் இவர் நின்றுகொண்டிருந்தார். எனக்கு ஆறுதல் தேவைப்பட்டது. "நெஜமா நடந்துச்சுங்கண்ணா. என் கண்ணால பார்த்தேன்" என்றேன்.

"எத்தன தடவ?"

"ஒரு தடவதான்."

"அப்ப நடக்கலீங்க" என்றார். எனக்கு மறுபடியும் பாத்ரூமுக்கே போய்விடலாம் போல இருந்தது. "வாங்க, நடக்க வெப்போம்" என்று தன் நாற்காலியை இழுத்து என் மேசைக்குப் பக்கத்தில் போட்டார்.

முள்ளங்கி காணாமல்போன மாலையில் நான் என்ன செய்தேன் என்று கேட்டார். விளையாட்டில் செய்ததைச் சொன்னேன். "அது சரிங்க. நீங்க என்ன பண்ணுனீங்க?" எந்த நாற்காலி, எந்தச் சால்வை, கன்ட்ரோலர் மேசையில் இருந்ததா மடியில் இருந்ததா, ஜன்னல் திறந்திருந்ததா. அந்தக் கன்ட்ரோலரையே தேடி எடுத்துவந்தார். சால்வையைத் துவைத்துவிட்டேன் என்றதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தார். கொலை நடந்த இடத்தைக் கழுவிவிட்டவளைப் பார்ப்பது போல இருந்தது அது.

"அப்ப யாருகிட்டயாவது பேசிட்டு இருந்தீங்களா?"

"அம்மா போன்ல இருந்தாங்க. திட்டிட்டு இருந்தாங்க."

"எதுக்கு?"

"தீவாளிக்கு ஊட்டுக்கு வரலைன்னு."

போனை என் கையில் எடுத்துக் கொடுத்தார். "கூப்புடுங்க. திட்டச் சொல்லுங்க."

உலகத்தில் எந்த மகளுக்கும் வந்திருக்காத வேலை. அம்மாவைக் கூப்பிட்டு, "அன்னைக்குத் திட்டுன மாதிரியே கொஞ்சம் திட்டும்மா, ஆபீஸ் வேலை" என்றேன். அம்மா மிகவும் கனிவாக, "உடம்பு சரியில்லையா சாமி?" என்றார். திட்டவே மாட்டேன் என்றுவிட்டார். கெஞ்சிக் கேட்டதற்கு, "ஏண்டி வரல" என்று ஒரு வரி சொன்னார். பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நிற்கிற குழந்தை வசனம் பேசினாற்போல் இருந்தது. முள்ளங்கி சேமிக்கப்பட்டது. பத்திரமாக இருந்தது.

மறுநாளும் பத்திரமாக இருந்தது. வியாழக்கிழமை காலை அவர் திடீரென்று, "அம்மிணி, அன்னைக்கு ஏதாச்சும் சாப்புட்டீங்களா?" என்றார்.

"வர்க்கி" என்றேன். பேக்கரியில் விற்கும் ஊட்டி வர்க்கி பிஸ்கட்டைப் பற்றி இந்த மலையில் யாரும் தனியாகச் சொல்லமாட்டார்கள். மாலை என்றால் டீ, டீ என்றால் வர்க்கி. மூச்சு விட்டேன் என்று ரிப்போர்ட்டில் எழுதுவோமா?

அவர் குல்லாவைக் கழற்றினார். அதற்கு முன் அவர் தலைமுடியை நான் பார்த்ததே இல்லை. "ரெண்டு நாளா இதச் சொல்லாம உட்டுட்டீங்களே" என்றார். அதே பேக்கரிக்குத் தானே போய், பை நிறைய வர்க்கியோடு திரும்பி வந்தார்.

என்னை உட்காரவைத்து, சால்வையைப் போர்த்தி, மடியில் கன்ட்ரோலரைக் கொடுத்து, வர்க்கியை நீட்டினார். ஆபீஸே சுற்றி நின்றது. மேடமும் வந்து நின்றார். இத்தனை பேர் பார்க்கும்போது யார்தான் வர்க்கியை இயல்பாகத் தின்பார்கள்? ஒரு கையைக் கீழே ஏந்தி, கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டார் முன்னால் தின்பதைப் போல நுனியிலிருந்து கொறித்தேன். ஒரு துகள் சிந்தவில்லை. முள்ளங்கி கல்லுப் போல இருந்தது. ஒன்று, இன்னொன்று, அதற்குப் பிறகு இன்னொன்று. எனக்கு நெய் வாடையே குமட்டியது. நின்று பார்த்தவர்களும் ஆளுக்கொன்று எடுத்துத் தின்று கலைந்து போனார்கள்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் போன் அடித்தது. அம்மா.

"கூப்ட்டுத் திட்டச் சொன்னியே, மூணு நாளா அதையே யோசிச்சுக்கிட்டு இருக்கேன். என்னைய வெச்சு வெளாடறீங்களாடி? ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு எங்கம்மா எப்படித் திட்டும் பாருங்கன்னு நாலு பேருக்குப் போட்டுக் காட்டறியா?" ஆரம்பித்துவிட்டார். இது நாடகம் இல்லை. அசல். தீபாவளியில் தொடங்கி, நான் எட்டாம் வகுப்பில் தொலைத்த குடை வரைக்கும் போனார். நான் போனைத் தோளில் இடுக்கி, "இல்லம்மா, இல்லம்மா" என்றபடியே, கைக்கு அகப்பட்ட வர்க்கியைக் கடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் ஆட்டத்தைச் சேமித்தேன். சால்வையெல்லாம் தூள். மடியெல்லாம் தூள்.

திரை இருண்டு வெளிச்சமானது. முள்ளங்கி இல்லை.

நான் கத்திவிட்டேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். மேடம் திரையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். எனக்கு எழுந்து ஆடவேண்டும் போல இருந்தது. இவர் மட்டும் அசையவே இல்லை. கன்ட்ரோலரைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"எதையும் தட்டி உட்ராதீங்க. இன்னொருக்கா பண்ணுங்க."

போனிலிருந்து அம்மாவின் குரல் ஆபீஸுக்கே கேட்டது. "யாருடி அது, இன்னொருக்காத் திட்டச் சொல்றது?"

"தொடருங்கம்மா" என்றார் இவர், போனுக்கு நேராகக் குனிந்து, மிகுந்த மரியாதையோடு. அம்மா தொடர்ந்தார். நான் பழைய ஆட்டம் ஒன்றை எடுத்துச் சேமித்தேன். அதுவும் போனது.

விஷயம் இவ்வளவுதான். வர்க்கித் தூள் பொத்தானுக்கும் அதன் குழிக்கும் நடுவில் விழுந்து, அமுக்கிய பொத்தான் மேலே எழும்பாமல் ஒட்டிக்கொண்டது. சேமித்து முடித்ததும் விளையாட்டு அடுத்த பக்கத்துக்குப் போகும். அங்கே 'அழிக்கவா?' என்று ஒரு கேள்வி உண்டு. அமுங்கியே கிடந்த பொத்தானை அது 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டது. கையை எடுத்து மறுபடி அமுக்கினால்தான் அழிக்க வேண்டும் என்று எழுதாமல் விட்டது அவர்கள் பிழை.

இவர் சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்து அந்தத் துகளைப் பார்த்தார். "இது வர்க்கியால வந்ததுன்னு சொல்லுவாங்க. ஒலகத்துல எந்தக் கொழந்தைங்க கையக் கழுவிட்டு வெளாடுது?" என்றார். மேடம் அங்கேயே நின்று, இப்போதைக்கு வேலையில் இரு என்று என்னிடம் சொன்னார். ஆனால் ஜப்பானிலும் அது நடந்து, அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் என் வேலையை உறுதி பண்ணிக் கையெழுத்துப் போட முடியும் என்றும் சொன்னார்.

ரிப்போர்ட்டை அவரே எழுதினார். முதல் படி: ஒரு ஊட்டி வர்க்கி எடுத்துக்கொள்ளவும். இரண்டாம் படி: அடியில் கை ஏந்தாமல் கடிக்கவும். மூன்றாம் படியில் அம்மாவின் திட்டைப் போடலாமா என்று நெடுநேரம் யோசித்தார். நான் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டதால், 'கவனம் வேறெங்கோ இருத்தல் வேண்டும்' என்று மாற்றினார்.

ஜப்பானிலிருந்து மூன்று வரி மன்னிப்போடு, வர்க்கி என்றால் என்ன என்று கேள்வி வந்தது. அடுக்கடுக்காக, மொறுமொறுப்பாக, தொட்டால் உதிரும் என்று விளக்கினோம். அவர்கள் ஊர் அரிசி பிஸ்கட்டை வைத்துச் செய்து பார்த்திருக்கிறார்கள். நடக்கவில்லை. அதன் தூள் கெட்டியாம். வேறு வழியில்லாமல், ஆபீஸ் செலவில், ஒரு பெட்டி வர்க்கி ஜப்பானுக்குக் கூரியரில் போனது. அது போய்ச் சேரும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை. என் வேலையே அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. மலை இறங்குவதற்குள் பொடிந்துவிடுமே என்று புலம்பினேன். "பொடிஞ்சாத்தான நல்லதுங்க" என்றார் இவர்.

பெட்டி கிடைத்தது என்று தகவல் வந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. கடைசியில் அந்தப் பெண்மணி எழுதினார். மன்னிப்பு இம்முறை ஒரு பத்தி முழுக்க இருந்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். படித்துப் பார்த்தால், டீமில் எல்லோரும் ருசி பார்த்ததில் சோதனைக்கு வர்க்கி மிஞ்சவில்லை, இன்னொரு பெட்டி அனுப்ப முடியுமா என்று இருந்தது.

மேடம் தலையில் கை வைத்தார். இவர் முகம் மலர்ந்தது. "வேல தெரிஞ்சவங்க. ரெண்டு பெட்டி வேணுந்தான" என்றார்.

இரண்டாவது பெட்டியில் முள்ளங்கி ஜப்பானிலும் காணாமல் போனது. அன்றே சரிசெய்துவிட்டதாக எழுதினார்கள். மேடம் என் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஆபீஸ் முழுக்க என் கையைப் பிடித்துக் குலுக்கியது. அம்மாவுக்குப் போன் பண்ணி, உன் திட்டால்தான் வேலை நிலைத்தது என்றேன். "நான் எப்பத் திட்டுனேன்?" என்றார்.

இவர் மட்டும் "சரிங்க" என்றார். அவ்வளவுதான். நாற்காலியை இழுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டார். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்று இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை. எல்லோரும் நம்பியபிறகு நம்பினார். அது யாரால்தான் முடியாது? நான் அழுதுகொண்டு வெளியே வந்த அன்று, "நடக்கலீங்க" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னவர்தானே? எத்தனை உதவி செய்திருந்தாலும் அந்த ஒரு சொல்லை நான் மறக்கவில்லை.

முள்ளங்கி கடைக்கு வந்து, நன்றாகவும் விற்று, அடுத்த கோடை வந்தபோது தலைமையகத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. அங்கேயே வந்து டெஸ்டிங் டீமைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நிஜமாகவே ஜப்பானுக்குப் போகும் முதல் ஆள். கடிதம் வந்ததும், இன்னொரு தடவை அனுப்பச் சொல்லி எழுதினார். அவர்களும் அனுப்பினார்கள்.

கிளம்பும் நாளில் மனைவியோடு ஆபீஸ் வாசலில் பஸ்ஸுக்கு நின்றார். நாங்கள் எல்லோரும் இறங்கி வந்திருந்தோம். மேடம் ஒரு பெட்டி வர்க்கி கொடுத்தார். "இன்னொண்ணு" என்று அவர் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது பெட்டியையும் நீட்டினார். ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை போய்ட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் விசிலடிக்கிறார். அவர் மனைவி ஏறி, ஜன்னலோரம் அவருக்கு இடம் போட்டுவிட்டார். இவர் படியில் ஒரு காலை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மிணி, அன்னைக்கு நீங்க சொன்னப்பவே நான் நம்புனேனுங்க."

எனக்குப் புரிவதற்குள் ஏறிவிட்டார். பஸ் கிளம்பிவிட்டது.

நான் அப்படியே நின்றேன். தன் பல்லை நம்பாதவர், மனைவியின் சம்மதத்தை நம்பாதவர், என்னை முதல் தடவையே நம்பியிருக்கிறார். நம்பியதால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறார். ஆனால் அதை ஒருக்காதானே சொன்னார்? அவர் சட்டப்படி அது சொல்லாததற்குச் சமம். அப்படி நினைத்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்தாற்போல் ஆனது. படியேறி ஓடினேன். எதற்கு ஓடுகிறேன் என்று தெரியாமல் மேடமும் பின்னால் ஓடி வந்தார். மேற்கு ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன்.

பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பி, மெதுவாக எங்களுக்கு நேர் கீழே வந்தது. கம்பளிக் குல்லா போட்ட தலை ஒன்று ஏற்கெனவே ஜன்னலுக்கு வெளியே, மேலே பார்த்தபடி நீட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவி உள்ளேயிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"மொதத் தடவையே நம்புனேனுங்க அம்மிணி" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். கண்டக்டர் தலையை உள்ளே இழுக்கச் சொல்லித் திட்டினார். பஸ் அடுத்த வளைவுக்குள் போய்விட்டது.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் மேடம் மூச்சிரைக்க.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "ரெண்டு தடவ சொல்லிட்டாருங்க மேடம்" என்றேன். "உறுதி."